மாவுக் கோடுகள்

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. அணைத்தான். மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டான். பல் தேய்த்தான். பாலைக் காய்ச்சிக் காப்பி கலந்து நின்றபடியே குடித்தான். இரண்டு ரொட்டித் துண்டுகளை எதுவும் தடவாமல் தின்றான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான். படியிறங்கும்போது கீழ்வீட்டுக்காரர், தண்ணீர் வீணாவதைப் பற்றி வேறு யாரிடமோ சொல்வதுபோல இவனுக்குச் சொன்னார். "சரி" என்றான். மனைவி செத்து ஐந்து மாதம் ஆகிறது. 'சரி' என்ற அந்த ஒரு சொல்லை வைத்தே பாதி நாளை ஓட்டிவிட முடிகிறது.

அன்று சனிக்கிழமை. கல்லூரி ஆய்வகத்தில் அவனுக்கு வேலை இல்லை. கோதுமை மாவு டப்பாவையும் டார்ச்சையும் ஒரு கட்டுப் பழைய துணியையும் பையில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்குப் போனான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் படகில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவன் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் படகு மனைவியின் அண்ணனான மச்சானுக்குப் போய்விடும். மனைவியின் அம்மாவான அத்தை அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

அது மாமனாரின் படகு. இருபத்திரண்டு அடி நீளம், இருபத்தாறு வயது, நடுவில் ஒரு டீசல் இன்ஜின். மாமனார் சாகும்முன் அதை மகள் பேரில் எழுதிவைத்தார். பதினைந்து வயதிலிருந்து அதை ஓட்டிய மூத்த மகனுக்கு அது நெஞ்சில் குத்தியது. தங்கையோடு பேச்சை நிறுத்தினான். ஒரு வருடம் பேசவில்லை. பிறகு பேச அவள் இல்லை.

போன வாரம் அத்தை வீட்டுக் கூடத்தில்தான் சண்டை முற்றியது.

"நீயே போய்ப் பாரும்மா," என்றான் மச்சான். "பலகையத் தூக்கினா கணுக்கால் வரைக்கும் தண்ணி நிக்குது. ஒரு போட்டைக் காப்பாத்தத் துப்பில்ல. கட்டினவளத்தான்..."

"முடிங்க மச்சான். பாதியில ஏன் நிறுத்தறீங்க?"

"அம்மா இருக்காங்க. அதனால நிறுத்தினேன்."

"நான் காலையில பாத்தப்ப காஞ்சுதான் கிடந்துச்சு."

"ஆமா, நீ போனா காயும், நான் போனா பொங்கும். என்னைப் பாத்து அது அழுவுதா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு."

அத்தை கையிலிருந்த விசிறியைத் தரையில் போட்டார். "ரெண்டு பேரும் வாய மூடுங்க. எம் பொண்ணு கடைசியா சொன்ன சொல்லுக்காகத்தான் அது மாப்பிள்ளைகிட்ட இருக்கு. அதுக்காக முழுக விட்டுட்டு வேடிக்கை பாக்க முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம். ஓட்டை எங்கன்னு தெரிஞ்சா போட்டு உங்களுக்கே மாப்ளே. தெரியலன்னா சாவிய அவன்கிட்ட குடுத்துடுங்க. அப்புறம் இந்தப் பேச்சு இந்த வீட்டுல வரக்கூடாது."

"சரிங்க அத்தை."

அத்தை குறிப்பிட்ட, மகளின் அந்தக் கடைசிச் சொல், "போட்டை அண்ணன்கிட்ட குடுத்துடாத" என்பது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை அத்தைக்கும் மச்சானுக்கும் சொன்னது இவன்தான். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் கிருமி இரத்தத்தில் பரவியது, ஐந்தாம் நாள் முடிந்தது. ஓடி வந்த மச்சான் இவன் சட்டையைப் பிடித்து, "நீ பக்கத்துல இருந்தியாடா?" என்று கேட்டான். "இருந்தேன்" என்றான். "என்ன சொன்னா?" அந்த நேரத்தில் அந்த முகத்தை எது நன்றாகக் கிழிக்குமோ அது வாயில் வந்தது. கிழித்தது. அதன்பிறகு அந்த வாக்கியம் வீட்டில் பத்திரம்போல ஆகிவிட்டது. யாரும் அதை மீறிப் பேசவில்லை. படகு இவனிடமே இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இவனுக்குத் தெரியாது. மச்சானிடம் போகக்கூடாது என்பது மட்டும் தெரியும். அந்த ஐந்து மாதத்தில் இவனுக்கு மிஞ்சிய ஒரே ஆசை அதுதான்.

துறையில் மெக்கானிக் பக்கத்துப் படகின் இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கும் வந்தாச்சா சார்? போட்டுன்னா தண்ணி வரத்தான் செய்யும். தண்ணி வேணாம்னா வீடு வாங்கணும்."

"வீட்டுலயும் வழியுது."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்தார்.

இவன் தரைப்பலகைகளைத் தூக்கி மேலே அடுக்கினான். இன்ஜினுக்கு அடியில், படகின் மிகத் தாழ்வான பள்ளத்தில், பழைய தண்ணீர் ஒரு கை அளவு தேங்கிக் கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. அப்படியானால் மழைத் தண்ணீர் இல்லை, வெளியிலிருந்து ஏறுகிற முகத்துவாரத் தண்ணீர். தண்ணீர் கணுக்கால் அளவுக்குச் சேர்ந்தால் தானாக ஓடி வெளியேற்ற அந்தப் பள்ளத்தில் டம்ளர் அளவில் ஒரு பம்பு இருந்தது. அது தடயத்தையும் சேர்த்து வெளியேற்றிவிடும் என்று அதன் சுவிட்சை அணைத்தான். பிறகு துணியால் ஒற்றி, துடைத்து, பிழிந்து, மறுபடி துடைத்து, பள்ளத்தைத் துளி ஈரமில்லாமல் காய வைத்தான். ஒன்றரை மணி நேரம் ஆனது.

காய்ந்த இடத்தில் மாவால் கோடு போட்டான். படகைத் தள்ளும் விசிறியின் தண்டு வெளியே போகும் துளையைச் சுற்றி ஒரு வளையம். இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் உள்ளே இழுக்கும் வால்வைச் சுற்றி ஒன்று. பக்கச் சுவர்களின் அடியில் நீளமாக இரண்டு. பின்சுவரின் அடியில் ஒன்று. எந்தக் கோடு முதலில் நனைகிறதோ அந்தப் பக்கம்தான் வழி. பம்பைச் சுற்றி மட்டும் போடவில்லை. தண்ணீரை வெளியேற்றுகிற சாமானைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவில்லை.

குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபடி இருந்தான். ஒன்பதரை, பத்து, பத்தரை. ஒரு கோடும் நனையவில்லை. இன்ஜினைப் போட்டுக் கால்மணி நேரம் ஓட விட்டான். அப்போதும் இல்லை.

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "மாவு பிசையத் தண்ணிய நீங்களேதான் ஊத்திக்கணும் போலயே சார்."

பதினொன்றரைக்கு மச்சான் வந்தான். தொண்ணூற்றெட்டு கிலோ என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். அவன் கால் வைத்ததும் படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

"என்னாது இது? பேக்கரி ஆரம்பிச்சிட்டியா?"

"மாவை மிதிக்காதீங்க மச்சான்."

"எங்கப்பா போட்டுல நான் எங்க கால் வைக்கணும்னு நீ சொல்லாத." பின்பெஞ்சில் போய்த் தொப்பென்று உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டான். "அஞ்சு மணிக்குச் சாவிய வாங்கிட்டுத்தான் இங்கேருந்து எழுந்திருப்பேன். நீ படுத்துக்கோ. நல்லா வசதியா படுத்துக்கோ."

இவன் டார்ச்சை வால்வுப் பக்கம் திருப்பினான்.

"வாய்ல என்ன இருக்கு? உன்கிட்ட எது கேட்டாலும் சரி, இல்லன்னா சும்மா. எந்தங்கச்சி எப்படித்தான் உன்னோட குடும்பம் நடத்தினாளோ. சுவத்துக்கிட்ட பேசினாலும் எதிரொலி வரும்."

"அவகிட்ட ஒரு வருஷம் பேசாம இருந்தது நான் இல்ல."

மீனவர் படகு ஒன்று கிளப்பிய அலை வந்து தட்டிப் போனது. அப்புறம் மச்சான் மெதுவாகச் சொன்னான்: "அடுத்த தடவை அதைச் சொன்னா பல்லு இருக்காது."

இவன் அதைக் காதில் வாங்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் வால்வின் மாவு வளையம் ஒரு பக்கம் கருத்துக்கொண்டிருந்தது. வால்விலிருந்து அல்ல, வளையத்தின் வெளிப்பக்கத்திலிருந்து, பம்பு இருந்த திசையிலிருந்து. முகத்தை இன்னும் கீழே கொண்டுபோனான். பம்பின் அடிச் சல்லடையிலிருந்து நூல்போலத் தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருந்தது. அணைத்து வைத்த பம்பு, வெளியே தள்ள வேண்டிய தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

"மச்சான், எழுந்திரிங்க."

"எதுக்கு?"

"எழுந்து முன்னாடி போங்க."

"சாவிய எடு, போறேன்."

"ஒரு நிமிஷம். எழுந்திரிங்க."

என்ன தோன்றியதோ, மச்சான் முனகிக்கொண்டே எழுந்து படகின் முன்பக்கம் போய் நின்றான். இவன் எண்ணினான். முப்பது எண்ணுவதற்குள் நூல் அறுந்தது. சொட்டாகி நின்றது.

"இப்ப வந்து உக்காருங்க."

உட்கார்ந்தான். நூல் மறுபடி வந்தது.

"எழுந்திரிங்க."

"டேய், என்னைத் தோப்புக்கரணம் போட வைக்கிறியா?"

பக்கத்துப் படகில் மெக்கானிக் வேலையை நிறுத்திவிட்டு வெளிப்படையாகவே வேடிக்கை பார்த்தார். "சார் சொல்றதைக் கேளுங்கண்ணே. உடம்புக்கும் நல்லது."

"நீ உன் வேலையப் பாரு."

இவன் பின்சுவரின் மேல் வயிறு வைத்து வெளியே தொங்கினான். ஏறி இறங்கும் பலகைக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், கட்டைவிரல் அளவில் ஒரு துளை. பம்பின் குழாய் வெளியே வரும் வாய். மச்சான் முன்னால் இருந்தபோது அது தண்ணீருக்கு இரண்டு விரல்கடை மேலே இருந்தது. அவன் பெஞ்சில் அமர்ந்ததும் படகின் பின்பக்கம் தாழ்ந்தது. துளை தண்ணீருக்குள் போனது.

உள்ளே வந்து பின்பெஞ்சின் பலகையைத் திறந்தான். அந்தக் குழாய் மேலே ஏறி, மேல்தளத்தின் அடியை ஒட்டி வளைந்து, பிறகு துளைக்கு இறங்க வேண்டும். அப்படி இருந்தால் துளை மூழ்கினாலும் தண்ணீர் அந்த மேட்டைத் தாண்டி உள்ளே வராது. வளைவைத் தூக்கிப் பிடிக்கும் கொக்கி அங்கேயே இருந்தது. அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. குழாயை யாரோ பாதியில் வெட்டி, சுருக்கி, நேராக இழுத்துத் துளையில் செருகியிருந்தார்கள். வளைவு இருந்த இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய தூண்டில் பெட்டி உட்கார்ந்திருந்தது.

இருவரும் அந்தப் பெட்டியைப் பார்த்தார்கள்.

"பெட்டி உள்ள போகல," என்றான் மச்சான். "மூணு வருஷம் ஆச்சு. குழாய் இடிச்சுது. நான்தான் வெட்டினேன்."

"நான் தனியா வந்தப்ப காஞ்சுதான் கிடந்துச்சு."

"அதான் தெரியுதே. திரும்பத் திரும்பச் சொல்லாத."

மச்சான் செல்போனை எடுத்தான். தள்ளிப் போய்ப் பேசுவான் என்று இவன் நினைத்தான். அங்கேயே நின்று பேசினான்.

"அம்மா... தெரிஞ்சுபோச்சு... ஆமா, அவருதான் கண்டுபிடிச்சாரு... யாராலன்னா, என்னாலதான். பம்புக் குழாய வெட்டி வச்சது நான்தான்... இல்ல, சண்டையெல்லாம் இல்ல... சொல்லிடறேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டான். "போட்டு உங்களோடதுதான். அம்மா சொல்லிட்டாங்க. தங்கச்சி சொன்ன சொல்லு நின்னுடுச்சாம்." அவர், உங்களோடது என்று மரியாதை திரும்பியிருந்தது. வசவைவிட அது தூரமாக இருந்தது. தூண்டில் பெட்டியை இழுத்து வெளியே எடுத்துத் துறையின் மேல் வைத்தான். ஒரு காலைப் படகிலும் ஒரு காலைத் துறையிலுமாக வைத்து நின்றான்.

"குளுகுளுன்னு இருக்கா?"

"இல்ல."

"அவளுக்கு இருக்கும். போற நேரத்துலகூட என்னை ஒரு குத்து குத்திட்டுத்தான் போனா. அண்ணன்கிட்ட குடுத்துடாதன்னு. அஞ்சு மாசமா அதைத்தான் காதுல வச்சுக்கிட்டு நடக்கறேன். படுத்தா அது. வண்டி ஓட்டினா அது. அப்படி என்னதான்டா பண்ணேன் நான்? பேசல. அவ்ளோதானே. பேசல."

இவன் சும்மா இருந்தால் போதும். ஐந்து மாதமாக இருந்ததைப்போல இன்னும் கொஞ்சம் சும்மா இருந்தால் மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். சாவி இவன் பையில் இருந்தது. அத்தையின் வாக்கும் இருந்தது.

"அவ அப்படிச் சொல்லல."

மச்சான் துறையில் இருந்த காலைத் திரும்பப் படகில் வைத்தான். பெரிய கை வந்து சட்டையைப் பிடித்தது, ஆஸ்பத்திரியில் பிடித்த அதே இடத்தில். "திருப்பிச் சொல்லு."

"சொல்லல. நான்தான் சொன்னேன். உங்களுக்கு வலிக்கணும்னு."

"எங்கம்மா அதை நம்பிக்கிட்டு இருக்காங்க."

"தெரியும்."

"ஒரு பொய்ய வச்சு ஒரு குடும்பத்தையே கட்டிப் போட்டிருக்க." பிடி இறுகியது. ஒரு பட்டன் தெறித்து மாவில் விழுந்தது. "அப்ப என்னதான் சொன்னா? உண்மையச் சொல்லு. இங்கேயே தண்ணியில அமுக்கிடுவேன்."

"நான் பக்கத்துல இல்ல மச்சான்."

"இருந்தேன்னு சொன்ன."

"இல்ல. நான் திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. கான்டீன்ல இருந்தேன். நானாப் போகல. அவதான் போகச் சொன்னா."

"என்ன சொல்லி அனுப்பினா?"

அதை இவன் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. சட்டை இன்னும் மச்சானின் கையில்தான் இருந்தது. சொன்னான்:

"போய் எதையாவது தின்னுட்டு வா. பசியில உன் மூஞ்சியப் பாக்கச் சகிக்கல."