கட்டுப்பாட்டில் இருக்கிறவர்கள்

கல்முனையில் ஒரு தனியார் பிரஷர் கிளினிக்கில் மாத அறிக்கை தயாரிப்பவள் அஸ்பியா. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது, போன மாதத்தைவிடக் கூடவா குறைவா, இவ்வளவுதான். கேள்விகளை எப்போதோ யாரோ எழுதி வைத்துவிட்டார்கள். அவள் பட்டனை அழுத்தினால் கம்பியூட்டர் பதிலைத் துப்பும். நோன்பு மாதத்தில் நோயாளிகளின் வரவு விழும். 'நோன்பு காரணமாக' என்று குறிப்பு எழுதுவாள். பெருநாள் கழிய வரவு ஏறும். எல்லாருக்கும் திருப்தி. எங்கள் ஊரில் அதைவிட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்?

அவளைப் பெற்ற வாப்பா முகைதீன்பாவாவும் அங்கேதான் மருந்து எடுத்தார். பெருநாள் முடிந்த கிழமை, "கிளினிக்குக்குப் போகல்லையா வாப்பா?" என்று கேட்டாள்.

"ஆறு நோன்பும் புடிச்சிட்டுப் போறன் மகள். உடம்பு நல்லாத்தானே இரிக்கி."

பெருநாளுக்குப் பின் பிடிக்கிற கட்டாயமில்லாத அந்த ஆறு சுன்னத்தான நோன்பையும் விடாத மனிதரிடம் என்ன வாதாடுவது? அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆறும் முடிந்தது. பிறகு கடை வேலை, பிறகு ஒரு கல்யாண வீடு. அவளும் மறந்துபோனாள். ஒருநாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கப் போனவர் கிணற்றடியில் விழுந்தார். மூளையில் இரத்தம் கசிந்ததாம். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள்.

லீவு முடிந்து வந்த காலையில், வழக்கம்போல் பட்டனை அழுத்தி மாத அறிக்கையை அனுப்பினாள். அனுப்பிய பிறகு ஒரு கேள்வி நெஞ்சைப் பிறாண்டியது. அறிக்கையில் இல்லாத கேள்வி. நோன்புக்கு முன் வந்தவர்களில், அதன்பின் வராமலே விட்டவர்கள் யார்?

அதைத் தானே தட்டிக் கேட்டாள். திரை நிறையப் பெயர்கள் வந்து விழுந்தன. பெருநாளுக்குப் பின் வரவு ஏறியது உண்மைதான், ஏறியது புதுமுகங்களால். பழையவர்கள் போனது போனதுதான். முந்திய வருடங்களையும் பார்த்தாள். அதே கதை. ஒவ்வொரு வருடமும் அவளுடைய குறிப்பு அதை மூடி வைத்திருக்கிறது. பாழாய்ப்போன குறிப்பு!

மனேஜர் நளீர் எட்டிப் பார்த்தார். "ரிப்போட் போயிட்டுதானே. இது ஆரு கேட்ட?"

"ஒருத்தரும் கேக்கல்ல சேர். நான் முந்தியே கேட்டிருக்கணும்."

பட்டியலில் கீழே போனாள். முகைதீன்பாவா. கடைசியாக அளந்தது நோன்புக்கு முன், நல்ல அளவு. பிறகு வேறு அளவு இல்லாததால், அறிக்கை அவரை அங்கேயே வைத்திருந்தது. மவுத்தாகி மண்ணுக்குள் போன மாதத்திலும் வாப்பாவின் பிரஷர் கட்டுப்பாட்டில். காலையில் அதை அனுப்பியவள் அவள்தான்.

ஃபோனை எடுத்துப் பட்டியலின் முதல் பெயருக்கு அடித்தாள். ஸைனுலாப்தீன் என்ற முதியவர், முன்பின் பழக்கமில்லை. ஏன் கிளினிக்குக்கு வரவில்லை என்று கேட்டாள்.

"நோன்போட உட்டதுதான். உடம்பு நல்லாத்தானே இரிக்கி மகள்."

"இல்ல வாப்பா," என்றாள். "இண்டைக்கே வாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்பது அவளுக்கே கேட்டது. ஃபோனை வைக்கவும் முடியாமல் அழுதாள்.