தேரின் நிழல்

உப்பிலியபுரத்து மருதைக்கு வாய் சும்மா இருக்காது. ஆடு மேய்க்கப் போன இடத்தில் உண்ணி கடித்து, மனைவி ராசாத்தி காய்ச்சலில் பிதற்றிக் கிடந்தபோது, "ரெங்கா, பொழச்சு வந்துட்டாள்னா சித்திரைத் தேருக்கு அவளே வடம் புடிப்பா" என்று வேண்டிவிட்டார்.

ராசாத்தி பிழைத்துக்கொண்டாள். ஆனால் டாக்டரம்மா கறாராகச் சொன்னார்: "மாத்திரை முடியற வரைக்கும் வெயில்ல போகாதீங்க. இந்த மாத்திரைக்கு வெயில் பட்டா தோல் வெந்துரும்."

வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவளை வெயில் என்ன செய்துவிடும்? ஒரு காலைப்பொழுது வெங்காயம் பிடுங்கினாள். சாயங்காலம் இரண்டு புறங்கையும் கொப்புளித்துவிட்டன. அன்றோடு அந்த வீறாப்பு அடங்கியது.

தேரன்று மாத்திரை இன்னும் முடியவில்லை. ஸ்ரீரங்கம் தெற்குச் சித்திரை வீதியில், கணவனின் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாக ஒரு கடையோரம் ஒதுங்கி நின்றாள். காலை வெயிலுக்கே வீதி தகித்தது. அந்த நெரிசலில் கையிலிருந்த குடையை விரிக்க வழியில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் மாத்திரைய விட்டுரு புள்ள. சாமிக்குச் சொன்ன வாக்கு," என்றார் மருதை.

"நேத்து போட்டது ஒடம்புக்குள்ளதாங்க இருக்கும். விட்டு, காய்ச்சல் திரும்பி வந்தா என்ன பண்றது? இன்னொன்னு வேண்டிக்குவீங்களா?"

சொல்லிவிட்டு மாத்திரையை விழுங்கினாள். சாமியை ஏமாற்றிவிட்டோமோ என்று பயமாக இருந்தது.

அப்போதுதான் கிழக்கு வீதியிலிருந்து தேர் திரும்பியது. வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு அசைந்து வந்தது. சூரியன் அதற்குப் பின்னால் இருந்தது. வெள்ளையாய் எரிந்துகொண்டிருந்த வீதி அவள் கண்ணெதிரே கறுத்துக் குளிர்ந்தது. தேரின் நிழல் முன்னால் நீண்டு, வடம் பிடிப்பவர்கள்மேல் விழுந்திருந்தது. வடத்தின் முன்கோடிதான் வெயிலில் இருந்தது. தேரை ஒட்டியவர்கள் எல்லாரும் நிழலில் இருந்தார்கள்.

ராசாத்திக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குடையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு நிழலுக்குள் நடந்தாள். தோல் உரிந்த கைகளால் வடத்தைப் பற்றினாள். அது உயிருள்ளதுபோல் அதிர்ந்தது.

"ரெங்கா! ரெங்கா!"

தேர் நகர்ந்தது, நிழலும் கூடவே நகர்ந்தது. புறங்கையில் துளி வெயில் படவில்லை. தன்மேல் விழும் நிழலைத் தானே இழுத்துக்கொண்டு போகிறோம் என்பது புரிந்தபோது அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

தேர் திரும்பினால் நிழல் விலகிவிடும் என்று, மேற்கு வீதித் திருப்பத்துக்கு முன்பே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு கூட்டத்தை விட்டு வெளியே வந்தாள். வெயிலில் கூடவே ஓடிவந்த மருதை வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் புறங்கைகளையே பார்த்தார்.

"என்னங்க பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்றாள் அவள். "கொடைய விரிங்க. மாத்திரை இன்னும் இருக்குல்ல."