பன்னண்டு கிலோ

சீனிவாசன் தீக்குச்சியை உரசுவதற்குள் கலீமுல்லா பாய்ந்து வந்து தீப்பெட்டியைப் பிடுங்கினார்.

"இன்னா பாய் இது?" குந்திய நிலையிலேயே அண்ணாந்து பார்த்தார் இறந்தவரின் அண்ணன் சீனிவாசன். எதிரே புது மண்சட்டி. உள்ளே உடைத்துப் போட்ட வறட்டி, மேலே நாலு கட்டி கற்பூரம். "சாவு வீட்ல கொள்ளிச்சட்டி பத்த வெக்க வேணாமா?"

"வைங்க அண்ணே. இங்க வேணாம். தெருமுனைக்கு எடுத்துட்டுப் போய்டுங்க."

"தெருமுனையா? சட்டி வூட்டு வாசல்லேர்ந்துதான் கெளம்பணும். எங்க ஊரு அணைக்கட்டுப் பக்கம் வந்து இப்டிச் சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க."

கலீமுல்லா அவர் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டினார். பத்தடி தூரத்தில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டாய். கதவில் சிவப்பு பெயின்ட்டில் நவநீதனின் கையெழுத்து: நெருப்பு கூடாது.

உள்ளே, குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த நவநீதனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சுந்தரிக்கு எல்லாம் காதில் விழுந்தது. அவள் அசையவில்லை. படுத்துத் தூங்கி நாலு நாளாயிற்று. நேற்று மதியம் அவர் மூச்சு நின்றபோதுகூட அவளுக்கு முதலில் தோன்றியது, இனிமேல் கொஞ்சம் உட்காரலாம் என்பதுதான். அப்படித் தோன்றியதற்காக அழுதாள். அதன்பிறகு அழுகையும் வரவில்லை.

மணி மூன்று நாற்பது. ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அதற்குள் எடுத்தாக வேண்டும்.

"அதுக்குள்ள டேங்க்ல ஹைட்ரஜன் இருக்குது அண்ணே," கலீமுல்லாவின் குரல் உயர்ந்தது. "பன்னண்டு கிலோ."

"பன்னண்டு கிலோதான? எங்க வூட்டு சிலிண்டர் பதினாலு கிலோ. அது பக்கத்துலயே தெனம் அடுப்பு எரியுது."

"அது எடை. இது பிரஷர். பாய்லர்க்காரன் கிலோ வேற அண்ணே, கடைக்காரன் கிலோ வேற."

யாரோ சிரித்தார்கள். சாவு வீடு என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

நவநீதன் துத்திப்பட்டு ரோட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் பாய்லர் ஃபிட்டர். கலீமுல்லா அதே இடத்தில் தோல் பதனிடும் டிரம் செக்‌ஷன். தண்ணீரில் கரண்ட்டை விட்டு ஹைட்ரஜனைப் பிரிப்பது பெரிய வித்தையே இல்லை என்பார் நவநீதன். பிரித்ததை அடைத்து வைப்பதுதான் வித்தை. உலகத்திலேயே பொடி வாயு அது. இடுக்கு கிடைத்தால் நழுவிவிடும். கம்பெனியில் கழித்துக் கட்டிய ஏர் டேங்க் ஒன்றை வாங்கி வந்து போட்டார். ரப்பர் வாஷர் தோற்றது. பிளாஸ்டிக் வாஷர் தோற்றது. கடைசியில் எருமைத்தோல். கலீமுல்லா தன் கையாலேயே பதம் போட்டு, மெழுகும் கொழுப்பும் ஏற்றி, பலகை மாதிரி இறுக்கிக் கொடுத்த தோல். அதை வட்டமாக வெட்டி வாஷராக்கி டேங்க்கை மூடினார் நவநீதன்.

வேலூரில் ஒரு காலேஜில் பாடம் நடத்தும் ஹெலன் மேடம் வந்து பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னாள். "தொண்ணூறு நாள் பிரஷர் இறங்காம நிக்கட்டும் சார். தினம் ஒரே நேரத்துல ரீடிங் எழுதுங்க. பேட்டன்ட்டுக்கு நானே அப்ளிகேஷன் எழுதித் தர்றேன்."

இன்றோடு எண்பத்து மூன்று நாள்.

"பெரியப்பா, இதுக்குப் போய் எதுக்கு நேரத்தை வீணாக்குறீங்க?" வசந்த்தின் குரல். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நேற்றிரவுதான் வந்து சேர்ந்த மகன். ஈர வேட்டி, வெற்று மார்பு, சட்டி தூக்கத் தயாராக நின்றான். "அது காலி டப்பா. இருபது வருஷமா அப்பா அதைத் தட்டிக்கிட்டு இருந்தாரு. அதுல ஒரு டீ போட்டுப் பாத்திருக்கோமா?"

"டேய் வசந்த்." கலீமுல்லா அவனை நெருங்கினார். "எண்பத்தி மூணு நாளுடா. ஒரு பாயின்ட் எறங்கல. வாரத்துக்கு ரெண்டு வாட்டி நான் வந்து கேப்பேன். கட்டில்ல படுத்துக்கினே 'அதே கலீம், அதே'ன்னுவான். இன்னும் ஒரே ஒரு வாரம் பாக்கி."

"நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களா பாய்?"

"என்னை எங்க உள்ள வுட்டான்? நான் பீடி குடிக்கிறவன்."

"அப்போ யார்தான் பாத்தது?"

சுந்தரி தலை நிமிர்ந்தபோது வாசல் முழுக்க முகங்கள். எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள்தான் பார்த்தாள்.

டெஸ்ட் ஆரம்பித்த மூன்றாவது வாரமே நவநீதனுக்கு நடமாட்டம் போய்விட்டது. கிட்னி. வாரம் மூன்று முறை வேலூருக்கு டயாலிசிஸ். ஷூ கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு சுந்தரிதான் கூடப் போனாள். விடிகாலை ஆறு மணிக்குக் கொட்டாயைத் திறந்து மீட்டரைப் பார்ப்பதும் அவள் வேலையாயிற்று. திரும்பி வந்தால் கட்டிலிலிருந்து ஒரே கேள்வி: "இன்னா?" ஒரே பதில்: "அதே." நோட்டில் தேதி போட்டு 12 என்று எழுதுவாள்.

பத்தொன்பதாம் நாள் முள் பதினொன்றரையில் நின்றது.

அன்றைக்கு முதல்நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து நிற்கக்கூட முடியாமல் வந்திருந்தார். உண்மையைச் சொன்னால் எழுந்து வருவார். சோப்புத் தண்ணி எடு, ஸ்பேனர் எடு, இங்கே பிடி, அங்கே பிடி என்பார். விழுவார். தூக்கி உட்கார வைக்க வேண்டும். சுந்தரிக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது.

"இன்னா?"

"அதே."

அவர் மேல் இருந்த பிரியத்தால் சொன்னாளா, அலுப்பில் சொன்னாளா? அவளுக்கே தெரியாது. அன்று அவர் இரண்டு இட்லி சாப்பிட்டார். அதற்கு மறுநாளும் அதே என்றாள். முள் பத்துக்கு வந்தது, ஏழுக்கு வந்தது, நாலுக்கு வந்தது. அவள் 12, 12, 12 என்று எழுதினாள். நாற்பத்தி நாலாம் நாளில் முள் கீழே இறங்கிப் படுத்துவிட்டது. அதற்குமேல் அவள் மீட்டரைப் பார்க்கவில்லை. ஆறு மணிக்குக் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் உள்ளே நின்றுவிட்டு வருவாள். அவ்வளவுதான்.

"சுந்தரி, நீ சொல்லும்மா," என்றார் சீனிவாசன். "நேரம் போய்ட்டே இருக்குது. உள்ள இருக்குதா, இல்லியா?"

'காலி மாமா.' இரண்டே வார்த்தை. சட்டி வாசலிலேயே பற்றும். சரவெடி வாசலிலேயே வெடிக்கும். நாலு மணிக்கு எடுத்துவிடலாம். எல்லாம் முடிந்து அவளும் எங்காவது படுக்கலாம்.

வசந்த்தின் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. இருபது வருஷம் இந்தத் தெருவே சிரித்தது.

"பன்னண்டு கிலோ," என்றாள் சுந்தரி. "அதே."

அதற்குப் பிறகு நடந்ததை அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாள். ஜன்னல் வழியாகப் பார்க்க, யார் வீட்டிலோ நடப்பது போல இருந்தது.

பறை அடிப்பவர்கள் பறைகளைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் சட்டி போயிற்று, சரவெடி போயிற்று, ஊதுபத்திக் கட்டு போயிற்று. போன் பேசிக்கொண்டிருந்தவர்கள் அணைத்து மடியில் செருகினார்கள். அணைக்கட்டிலிருந்து வந்த சீனிவாசன், தம்பியின் கொட்டாய்ப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர், இப்போது கையில் ஒரு குச்சியோடு வாசலில் நின்று புதிதாக வருகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க. தம்பி கண்டுபுடிச்சது உள்ள இருக்குது. பன்னண்டு கிலோ! கிலோன்னா எடை இல்லய்யா, பிரஷர். உனுக்கு இன்னா தெரியும்?"

வந்தவர் பயத்தோடு கொட்டாயைப் பார்த்தார். மரியாதையோடும்.

வசந்த் சுவரோரம் தனியாக நின்றான். கதவில் எழுதியிருந்த இரண்டு வார்த்தையையே ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தான். உதட்டோரச் சிரிப்பு இல்லை.

இது போதும் என்று நினைத்தாள் சுந்தரி. இதோடு எடுத்துவிட்டால் போதும்.

ஆனால் கலீமுல்லா வாசற்படியில் வந்து நின்றார். "அண்ணி, சாவி குடுங்க."

"எதுக்கு பாய்?"

"பாடி போறப்போ வெடி போடுவானுங்க. சொன்னாலும் கேக்க மாட்டானுங்க. ஒரு பொறி பறந்து வந்து வுழுந்தா போதும். திறந்து வுட்டுட்டுத்தான் எடுக்கணும்."

"வேணாம் பாய். அப்டியே இருக்கட்டும்."

"எனக்கு மட்டும் ஆசையா அண்ணி?" நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. "இன்னும் ஏழு நாள். நானே தொறக்கணும்னு என் தலைல எழுதியிருக்குது. இன்னா பண்றது? குடுங்க."

சுந்தரி எழுந்தாள். கால் மரத்திருந்தது. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தாள். ஆனால் கொடுக்கவில்லை. "நானும் வர்றேன்."

கதவருகே கலீமுல்லா நின்றார். சட்டைப்பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்தார், லைட்டரை எடுத்தார். இரண்டையும் சீனிவாசன் கையில் வைத்தார். செருப்பையும் கழற்றிவிட்டார். அது எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

உள்ளே மேலே தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் விட்டிருந்த இடைவெளியிலிருந்து வெயில் ஒரு பட்டையாக விழுந்தது. நீல நிற டேங்க், இரண்டு கட்டைகளின் மேல் படுத்திருந்தது. மூட்டில் கன்றிச் சிவந்த தோல் வாஷரின் விளிம்பு. அதற்கு மேலே மீட்டர்.

கலீமுல்லா குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துண்டால் துடைத்துவிட்டுப் பார்த்தார். விரல் நுனியால் இரண்டு முறை தட்டினார்.

முள் அசையவில்லை.

சுந்தரி கதவைப் பின்னால் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சொல்வதற்கு வாயைத் திறக்கத் தெம்பில்லை.

கலீமுல்லா கட்டைவிரலை நீட்டித் தோல் வாஷரின் விளிம்பைத் தொட்டார். ஒரு இடத்தில் விரல் நின்றது. நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதிலேயே விரலை வைத்துக்கொண்டு இருந்தார்.

"அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார், திரும்பாமலே.

"தெரியாது."

"நேத்து காலைல?"

"கேட்டாரு. அதேன்னு சொன்னேன்."

கலீமுல்லா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்த ஹெலன் மேடத்துக்கு மட்டும் நெசத்தைச் சொல்லிடணும் பாய்," என்றாள் சுந்தரி. "நோட்டுல எழுதுனது பொய்ன்னு நானே போய்ச் சொல்லிடறேன். அவங்க படிச்சவங்க. அதை வெச்சு வேற எதாவது செய்யப் போய்டுவாங்க."

"சொல்லலாம் அண்ணி. மொதல்ல இவனை அனுப்பிடலாம்."

வெளியே சீனிவாசனின் குரல், தூரத்திலிருந்து, ஜாக்கிரதையாக: "பாய்! தொறந்துட்டீங்களா? சத்தமே வரல?"

கலீமுல்லா சுந்தரியைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வால்வுச் சக்கரத்தைப் பிடித்து, முழு பலத்தையும் போட்டுத் திருப்பினார். அது திறந்தது. ஒரு சின்ன மூச்சுகூட வெளியே வரவில்லை.

"வராது அண்ணே!" என்று கத்தினார். "ஹைட்ரஜன்! பூனை மாதிரி போவும்!"

"எவ்ளோ நேரம் ஆவும்?"

கலீமுல்லா மீட்டரைப் பார்த்தார். கணக்குப் போடுகிறவர் போல நெற்றியைச் சுருக்கினார்.

"பன்னண்டு கிலோ இருக்குதே! பத்து நிமிஷமாவது ஆவும். யாரும் கிட்ட வராதீங்க!"

தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

மூலையில் ஒரு பக்கெட் கவிழ்ந்து கிடந்தது. கலீமுல்லா அதைக் காலால் நகர்த்திவிட்டார். சுந்தரி அதன்மேல் உட்கார்ந்தாள். தோளை டேங்க்கின் மேல் சாய்த்தாள். இரும்பு சில்லென்றிருந்தது. கண் தானாக மூடிக்கொண்டது.

கலீமுல்லா நகரவில்லை. திறந்த வால்வின் மேல் கையை வைத்து, சுவரைப் பார்த்தபடி நின்றார். ஒரு நிமிஷத்தைக்கூடக் குறைக்காமல் பத்து நிமிஷமும் நின்றார். பிறகு சத்தம் போடாமல் சக்கரத்தைத் திருப்பி மூடினார். மூடியபின் இன்னும் ஒரு கால் சுற்று இறுக்கினார்.