விளிம்பு தெரியாத மேடை

ஹிசாவோவுக்கு வலக்கண் எப்போதோ போய்விட்டது. இடக்கண்ணும் இந்த மழைக்காலத்தோடு மங்கி அணைந்துபோனது. விஷயம் தெரிந்தவன் தம்பி மொரியோ மட்டும்தான். அவர் ஆடும் 'நோ' என்ற ஜப்பானிய நாடகத்தில் முகமூடி கட்டிவிட்டால் எல்லாருக்குமே அரைப் பார்வைதான். அந்தத் தைரியத்தில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். மேடையில் உடுக்கை வாசிக்கும் மொரியோ, அண்ணன் விளிம்பை நெருங்கினால் தாளத்துக்கு நடுவே வாத்தியக்காரர்கள் வழக்கமாகக் கூவும் கூவலைச் சற்று இழுப்பான். அவர் திரும்பிக்கொள்வார்.

அன்று கியோட்டோ கோயில் மேடையில், கடலில் மூழ்கிச் செத்த இளம் தளபதியின் ஆவி வேஷம்.

"வேணாம் அண்ணே. வயித்து வலின்னு சொல்லிடு. செய்ஜி ஆடட்டும்" என்றான் மொரியோ, ஒப்பனை அறையில்.

செய்ஜி சித்தப்பா மகன். மேடையில் ஹிசாவோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். நடிகர் விழுந்தால் எழுந்து ஆட வேண்டியவன்.

"அவனா? நான் எப்ப விழுவேன்னு பாத்துக்கிட்டே இருக்கிறவன்டா அவன்!"

"கண்ணாடி முன்னால நிக்கிறியே, உன் மூஞ்சி உனக்குத் தெரியுதா?"

"மேடைய விட்டா நான் யாருடா? போட்டதத் தின்னுட்டு மூலைல கெடக்கணுமா?" தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு மட்டும் கூவுடா. கால்ல விழுறேன்."

மொரியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு உடுக்கையை எடுத்தான்.

தளபதி வாளை உருவி அலைகளோடு போரிடும் கட்டம். பாடகர்கள் உச்சத்தில் இருந்தார்கள். மொரியோ இழுத்துக் கூவினான். அதே நொடியில் பக்கத்து மத்தளக்காரரும் கூவிவிட்டார். ஹிசாவோ தடுமாறித் திரும்பினார். கால் வெறும் காற்றில் இறங்கியது.

கீழே வெள்ளைக் கூழாங்கல்லில் தோள் மோதி நொறுங்கியது. இசை நிற்கவில்லை. நிற்கக்கூடாது என்பது வழக்கம். மேலே செய்ஜி எழுந்து, அவர் விட்ட அடியிலிருந்தே ஆடத் தொடங்கினான். முகமூடி இல்லை, பட்டுடை இல்லை. அடி மட்டும் பிசகவில்லை.

ஹிசாவோ ஒற்றைக் கையால் துழாவி மேடை விளிம்பைப் பிடித்தார். ஏற முடியவில்லை. "இருடா... நானே ஆடுறேன்" என்று முகமூடிக்குள் கெஞ்சினார். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மொரியோ ஓடிவந்தான். "கூவினேன் அண்ணே! சத்தியமா கூவினேன்!"

"கேட்டுச்சுடா. எது உன் குரல்னுதான் தெரியல."

மேடையிலிருந்து இறங்கிவந்த செய்ஜி மண்டியிட்டு முகமூடியின் கயிற்றை அவிழ்த்தான். அவர் கண்களுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தான். இமைகூட அசையவில்லை.

"எவ்வளவு நாளா அண்ணே?" என்றான் மெதுவாக.

ஹிசாவோ முகமூடியைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இருவரும் எவ்வளவு கெஞ்சியும் கொடுக்கவில்லை.