அருவித் தண்ணீர் வற்றும் நேரம்

கிண்ணியாக் களப்பில் மீன் பிடித்தே தாடி நரைத்தவர் கலீலுர் றஹ்மான். நிலாவெளியில் ஒரு திருக்கை தன் தோணியைத் திரியாய் வரைக்கும் இழுத்துப்போய் விட்டுவிட்டு, திரும்பிவரும் வழியையும் காட்டிக்கொடுத்ததென்று முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல் சொல்வார். அவருடைய மகள் ஷிஃபானாவைத் தன் மகனுக்குக் கேட்டிருந்த அஷ்பாக் ஹாஜியார் அதைக் கேட்டுவிட்டு, "நல்ல மீன்" என்றதோடு சரி.

கலியாணத்துக்கு முன் இரண்டு வீட்டாரும் ஒன்றாக ஒரு பயணம் போகலாமென்று வான் பிடித்து, கப்பல்துறை தாண்டி, மலைநாட்டு அருவிப் பூங்கா ஒன்றுக்கு வந்தார்கள். மேலே அருவி கொட்ட, கீழே ஆறு கல்லுக்குக் கல் தாவிக்கொண்டிருந்தது.

"இந்தத் தண்ணிதான் நம்மட கொட்டியாரக் குடாவுக்கு வருது" என்றார் றஹ்மான். "அங்க வரக்குள்ள வயசாகிரும். இஞ்ச இன்னும் சின்னப்பிள்ளை."

பகல் சாப்பாட்டுக்கு அஷ்பாக் தன் வீட்டுச் சஹனைக் கொண்டுவந்திருந்தார். நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டம் அது. அந்த வீட்டு மாப்பிள்ளைமார் எல்லாரும் கலியாணச் சோற்றை அதில்தான் சாப்பிட்டார்கள். மகனும் அதில்தான் சாப்பிட வேண்டும்.

"தண்ணி வேலையை என்னட்ட விடுங்க" என்று, சாப்பிட்டு முடிந்த சஹனைக் கழுவ றஹ்மான் எடுத்துப்போய், கொஞ்சம் மணல் போட்டு, ஊறட்டுமென்று கரையோரம் மிதக்கவிட்டார். களப்பில் அப்படி விட்டால் பின்னேர அஸர் தொழுகை வரைக்கும் அதே இடத்தில் நிற்கும். இது ஸலாமும் சொல்லாமல் புறப்பட்டுப்போய், நடு ஆற்றில் இரண்டு பாறைகளுக்கிடையே செருகிக்கொண்டது.

பூங்காக் காவலாளி விசில் ஊதினான். ஒருவரும் இறங்க ஏலாது என்றான்.

அஷ்பாக்கின் முகம் கறுத்தது. "அது இல்லாம என்ட மகன் எப்படிக் கலியாணச் சோறு தின்னுற?"

றஹ்மானின் மனைவி றுமானா பல்லைக் கடித்தாள். "ஷிஃபானாட வாப்பா, பிள்ளைட கலியாணத்தையும் சேர்த்தெல்லோ மிதக்கவிட்டுட்டீங்க!"

"சத்தம் போடாதீங்க. இப்ப பெருக்கு. பின்னேரம் வத்தும். எடுக்கலாம்."

"ஐயா, இது ஆறு, கடல் இல்லை" என்றான் காவலாளி.

"அது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு றஹ்மான் ஒரு கல்லில் குந்திக்கொண்டார்.

மற்றவர்கள் தேநீர் குடித்தார்கள், தொழுதார்கள், வானில் ஏறவும் ஆயத்தமானார்கள். அவர் சஹனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்போது ஆற்றின் இரைச்சல் தணிந்தது. பாறைகள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கின. தான் சொன்னது ஒன்று நடப்பதைப் பார்த்து முதலில் திடுக்கிட்டவர் றஹ்மான்தான்.

"மேல அணைக்கட்டில கதவு பூட்டிட்டாங்க" என்று காவலாளி கத்தினான். அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. றஹ்மானின் இடுப்பில் அவன் கயிறு கட்டிப் பிடிக்க, அவர் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்ச் சஹனைத் தூக்கி வந்தார்.

அஷ்பாக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் குழி விழுந்திருந்தது.

"இதென்ன?"

"பாறை கடிச்சிருக்கு, ஹாஜியார். நாம அதுக்கு ஒரு பிடி சோறும் வைக்கல்லையே."

அஷ்பாக்கின் தோள் சிரிப்பில் மெல்லக் குலுங்கியது. "கலியாணத்தண்டைக்கு இந்தக் குழிப் பக்கம் நீங்கதான் குந்தோணும், சம்பந்தி."

"ஓம்" என்றார் றஹ்மான். "கறி அங்கதானே தேங்கும்."