மகாராணியின் வாய்க்குள் ஒரு விசாரணை

பல் டாக்டரின் கிளினிக்கில் வாயைத் திறக்க மறுத்த ஒரே ஜீவன் மகாராணிதான். காத்திருப்பறையில், நாற்காலி வரிசைக்கு எதிரே, வருகிறவர்களின் பயம் தெளியட்டும் என்று வைத்த பெரிய கண்ணாடித் தொட்டியில் அவள் இருந்தாள். உள்ளறையில் பல்லைக் குடையும் மெஷின் கிர்ரென்று கத்தும்போதெல்லாம் வெளியே இருப்பவர்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்ப்பார்கள். அவளும் பதிலுக்குப் பார்ப்பாள். பயம் தெளிந்ததாக யாரும் சொன்னதில்லை.

மகாராணி ஒரு சிக்லிட் மீன். கருங்கோடன் என்று மீன் வளர்ப்போர் சங்கத்தார் சொல்லும் இனம். உடம்பில் கறுப்புக் கோடுகள், மற்றபடி பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் பிறந்த ஏரியிலேயே அந்த இனம் அருகிப்போய்விட்டது. சங்கத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஜோடி, அதுவும் டாக்டரிடம். ஆண் வயதாகிச் செத்துப்போனதும் மகாராணி ஒருத்திதான் பாக்கி. நல்லவேளையாக, அவன் செத்துக் கிடந்த காலையில் அவள் வாய் நிறைய முட்டை இருந்தது. இந்த இனத்தில் தாய் முட்டையை வாயில் அள்ளி வைத்துக்கொண்டு, குஞ்சுகள் தாமாக நீந்தும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பட்டினி கிடப்பாள் என்று எழுதலாம், ஆனால் அவள் இருப்பதே தண்ணீரில். ஒரு பருக்கைத் தீனி தின்னமாட்டாள் என்று சொன்னால் போதும். ரொம்பவும் பயமுறுத்தினால் மட்டும் எல்லாவற்றையும் விழுங்கிவிடுவாள்.

இதில் சிக்கலைக் கொண்டுவந்து சேர்த்தவன் டாக்டரின் மச்சான். ஆண் மீன் சாவதற்கு முந்தின நாள்தான் அவன் அத்தானின் பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று யோசித்து, கடையில் பளபளவென்று இருந்த நீல சிக்லிட் ஒன்றைப் பையில் கட்டிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் தொட்டியில் ஊற்றிவிட்டான்.

“தொட்டி வெறிச்சுன்னு இருந்துச்சு அத்தான். இப்போ எப்படி இருக்கு பாருங்க.”

இப்போது எப்படி இருந்தது என்றால், மகாராணியின் வாயில் இருக்கும் முட்டைகளுக்கு அப்பன் யார் என்று தெரியாமல் இருந்தது. சிக்லிட்டுகளில் பக்கத்துப் பக்கத்து இனங்கள் கூச்சமே இல்லாமல் கூடிவிடும். குஞ்சுகள் சிறிசாக இருக்கும்போது அம்மா மாதிரி இருக்கும், வளர்ந்த பிறகு யார் மாதிரியும் இருக்காது.

மச்சானின் அன்பளிப்பை டாக்டர் அன்றே கவனித்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அன்று அவருக்கு வரிசையாகக் கடைவாய்ப் பற்கள். மறுநாள் மகாராணியின் உப்பிய தொண்டையைப் பார்த்த சந்தோஷத்தில் படம் எடுத்துச் சங்கத்தின் குழுவில் போட்டார். வாழ்த்துகள் குவிந்தன. கடைசியாக லென்ஸ் எழுதினார்: ‘மூலையில் ஒரு நீல வால் தெரிகிறதே, அது யார்?’

லென்ஸ் என்பவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எந்த மீனின் படத்தைக் காட்டினாலும் அது சுத்தமா கலப்பா என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் கலப்பு என்பார். அவர் வீட்டில் ஒரு மீன்கூடக் கிடையாது. வளர்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பது அவருடைய விளக்கம், அதைச் சங்கமும் ஏற்றுக்கொண்டிருந்தது.

சங்கத்தின் பெயர் தூய வம்ச சிக்லிட் வளர்ப்போர் சங்கம். தலைவர் சோபாக் கடை முதலாளி. அவர் இரண்டு வீட்டையும் எதிர்த்துக் காதல் கல்யாணம் பண்ணிக்கொண்டவர். மீன்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்பன் பெயர் சந்தேகமாக இருக்கிற குஞ்சுகளை ஐஸ் தண்ணீரில் போட்டுக் கொன்றுவிட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அந்த விதியை முன்மொழிந்தவர் சாட்சாத் நம் பல் டாக்டர்.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கலப்புக் குஞ்சை அசல் பெயரில் ஒருவர் விற்க, அதை வாங்கியவர் இன்னொருவருக்கு விற்க, கடைசியில் அசல் எது என்று கடவுளுக்கே தெரியாமல் போய்விடும். ஏரியிலும் இல்லாத இனம் தொட்டியிலும் இல்லாமல் போகும். இதை அவர் உளமார நம்பினார். நம்பியதால்தான் போன வருஷம் சங்க உறுப்பினரான பேக்கரிக்காரரின் வீட்டுக்கே போய், ஒரு தொட்டிக் குஞ்சுகளைக் கலப்பு என்று கைகாட்டினார். பேக்கரிக்காரர் தானே போய் ஐஸ் வாங்கிவந்தார். மகாராணியின் முட்டைகளை விசாரிக்க இப்போது சங்கம் அமைத்த குழுவில் தலைவர், லென்ஸ் தவிர மூன்றாவது ஆள் அந்தப் பேக்கரிக்காரர்தான். இவரிடம் போய் டாக்டர் எந்த முகத்தோடு கருணை கேட்பார்?

விசாரணை அமர்க்களமாகத் தொடங்கியது. நீலனை முதலில் வாளிக்கும், பிறகு மச்சான் வீட்டுக்கும் நாடு கடத்தினார்கள்.

“கலந்தா என்ன அத்தான், நீந்தாதா?” என்றான் மச்சான்.

“உனக்கு அதெல்லாம் புரியாது. எடுத்துட்டுப் போடா.”

தாயின் தொண்டைத் தோல் விரிந்து மெலிந்திருக்கும், கீழிருந்து டார்ச் அடித்தால் உள்ளே இருக்கும் குஞ்சுகளின் நிழல் தெரியும், சுத்தமான கருங்கோடனுக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி இருக்கும் என்று லென்ஸ் கண்டுபிடித்துச் சொன்னார். அவ்வளவுதான், தினமும் டார்ச்சோடு வந்துவிட்டார்கள். தலைவர் தரையில் குப்புறப் படுத்து வெளிச்சம் பிடிக்க, லென்ஸ் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துப் படம் எடுத்தார். மகாராணி கல்லுக்குப் பின்னால் ஒளிந்தால் கல்லை எடுத்தார்கள். செடிக்குள் புகுந்தால் செடியை எடுத்தார்கள். கன்னம் வீங்கி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், “இந்தம்மாவுக்கும் பல்லுவலியா?” என்று விசாரித்தார். பேக்கரிக்காரர் மட்டும் கைகட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார்.

“இன்னும் ஒரே ஒரு ஆங்கிள் டாக்டர்,” என்பார் லென்ஸ். அந்த ஒரே ஒன்று தினமும் வந்தது.

கிளினிக்கின் முன்மேசையைப் பார்த்துக்கொள்வது டாக்டரின் மனைவி. நோயாளிகளைக் கூப்பிடுவதும், பயந்து நழுவுகிறவர்களைக் கையைப் பிடித்து உட்காரவைப்பதும் அவள்தான். ஒரு மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் உள்ளறைக்கு வந்தாள்.

“என்னங்க, அது மூலையில போய் நடுங்கிட்டு நிக்குது. பயந்தா முழுங்கிடும்னு நீங்கதானே சொன்னீங்க? பின்னாடி ஸ்டோர்ல சின்னத் தொட்டி சும்மாதானே கிடக்கு. அங்க மாத்திடுங்க.”

“அவங்க வந்து கேப்பாங்களே.”

“கேட்டா, குஞ்சு வெளிய வந்தப்புறம் வாங்கன்னு சொல்லுங்க.”

“விதிப்படி அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும். நானே எழுதின விதி. பேக்கரிக்காரர் என்ன நினைப்பாரு?”

“அவரு நினைக்கிறத அவரு வீட்டுல நினைக்கட்டும். குஞ்சு உங்களுக்கு வேணுமா வேணாமா?”

வேண்டும். அதைவிட அவருக்கு அந்த மாதத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. காலையில் கிளினிக்கைத் திறந்ததும் வெள்ளைக் கோட்டை மாட்டுவதற்கு முன்பே தொட்டியிடம்தான் ஓடுவார். தொண்டை உப்பியிருப்பதைப் பார்த்த பிறகுதான் காப்பி இறங்கும். கலப்பாக இருந்தாலும் வளர்த்துவிட்டுப் போகிறேன் என்றுகூட ஒருநாள் குளியலறையில் தனியாகச் சொல்லிப் பார்த்தார். சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே வந்து அதை நாலு பேர் முன்னால் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

“பாக்கலாம்,” என்றார் மனைவியிடம். பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரியும்.

விடுமுறை நாள் காலையில், டாக்டர் தொட்டியை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, தீர்ப்புக்காகக் காத்திருப்பறையில் கூடிவிட்டார்கள். லென்ஸ் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். வம்சம் என்றால் என்ன, கலப்பு எப்படிப் பரவுகிறது, உலகம் எங்கே போகிறது என்று நெடுநேரம் பேசினார். கடைசியில் முந்தாநாள் எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தது. குஞ்சின் புள்ளியாகவும் இருக்கலாம், கேமரா லென்ஸில் துடைக்காத அழுக்காகவும் இருக்கலாம்.

“சந்தேகமே இல்ல. சுத்தமான கருங்கோடன்,” என்றார்.

டாக்டருக்கு ஒரு நிமிஷம் காது அடைத்துவிட்டது. அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், அவருடைய நோயாளிகள் பிடுங்கின பிறகு உட்காருவார்களே அப்படி. மனைவியைப் பார்த்துச் சிரித்தார். பார்த்தாயா, நேர்மையாக இருந்ததற்குப் பலன் என்பது மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. தலைவர் அதற்குள் குஞ்சுகளைப் பங்கு போட ஆரம்பித்துவிட்டார். தலைவருக்குப் பத்து, லென்ஸுக்கு அவர் உழைப்பைக் கருதிப் பத்து. மீனே வளர்க்காதவருக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

தொட்டியின் அடியில் பாசி தின்று திரியும் சின்ன மீன்களுக்குத் தீனி போட அப்போதுதான் மச்சான் வந்தான். டப்பாவைத் திறந்து தூவிவிட்டு, முகம் மலரத் திரும்பினான்.

“அத்தான், மகாராணி சாப்பிடுறா. அவ்வளவு நாள் பட்டினிக்கு எப்படி அள்ளி அள்ளித் திங்கிறா பாருங்க.”

தலைவர் கை தட்டினார். லென்ஸும் தட்டினார். “பசிச்சா சாப்பிடத்தானே செய்யும்,” என்றார், ஒரு நிபுணராக.

பேக்கரிக்காரர் தட்டவில்லை. அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் எழுந்து தொட்டியருகே போனார். மகாராணியின் தொண்டை தட்டையாக இருந்தது. வாயை அகலத் திறந்து திறந்து மூடி, விழுந்த தீனியையெல்லாம் தின்றுகொண்டிருந்தாள். அவர் குனிந்து கல் இருந்த இடத்தில், செடி இருந்த இடத்தில், தண்ணீர் வடிகட்டும் குழாய்க்குப் பின்னால் எல்லாம் தேடினார். தூசி மாதிரிகூட எதுவும் நீந்தவில்லை. அவருக்கு அழுகை வந்தது. ஐம்பது வயதில் மீனுக்காக அழுகிறோமே என்ற வெட்கமும் கூடவே வந்தது.

“முழுங்கிட்டா,” என்றார்.

தலைவர் தலைவராயிற்றே, நிலைமையைச் சமாளிக்க வேண்டுமல்லவா? டாக்டரின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“மனச விட்டுடாதீங்க டாக்டர். வம்சம் சுத்தம்னு நிரூபிச்சாச்சு, அதான் முக்கியம். குஞ்சு அடுத்த தடவை பாத்துக்கலாம்.”

“யாரோட தலைவரே?” என்றார் டாக்டர்.

தலைவர் லென்ஸைப் பார்த்தார். லென்ஸ் தன் படத்தைப் பார்த்தார்.