‘இடம்’ என்ற நிரல்

1

இந்தக் கதை எனக்கு மதில் ஓட்டை வழியாகக் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை ஒரு மாதிரிப் பார்க்க வேண்டாம். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் உள்ள மதிலில் ஒரு கல் பெயர்ந்துபோய்விட்டது. இருபத்தெட்டு வருடமாக அந்த ஓட்டைக்குப் பக்கத்தில்தான் நான் உடுப்புத் தோய்க்கிறேன். தோய்க்கிற கல்லை வேண்டுமென்றே அங்கே போட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

பக்கத்து வீட்டில் இருப்பவள் ஷிரோமி டீச்சர். ஹந்தானைத் தோட்டத்தின் மேற்பிரிவில் ஒரு சின்னப் பாடசாலையில் நான்காம், ஐந்தாம் தரங்களுக்கு ஆங்கிலமும் கணிதமும் படிப்பிக்கிறாள். இரண்டு தரத்துக்கும் ஒரே அறை, மொத்தம் பதினான்கு பிள்ளைகள். கலியாணம் ஆகவில்லை. (ஏன் என்பது வேறு கதை. அதுவும் என்னிடம் இருக்கிறது.)

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் மண்டையை உடைத்தேன்.

முதல் தொடக்கம்: ‘ஹந்தானை மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.’ அடித்துவிட்டேன். யார் கதை எழுதினாலும் அந்த மலையில் பனிதான் இறங்குகிறது. மண் இறங்குவதை ஒருவரும் எழுதுவதில்லை.

இரண்டாவது: ‘ஷிரோமி டீச்சருக்கு ஒருவன் இருந்தான்.’ இதை ஏப்ரல் விடுமுறையில் நான் உண்மையாகவே நம்பினேன். இரண்டு கிழமையாக விறாந்தையில் உட்கார்ந்து எழுதினாள், அழித்தாள், வானத்தைப் பார்த்தாள், திரும்ப எழுதினாள். காதல் கடிதம் என்றே வைத்துக்கொண்டேன். ஆனால் மேசையை மூடுகிற அளவு தாளில் யார் காதலிப்பார்கள்?

மூன்றாவது: ‘அந்த அறை இந்தத் தவணைக்குள்’

இல்லை. அந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.

2

ஒருநாள் அவள் பாண் வாங்கப் போயிருந்தாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தாள் நனைந்துவிடும் என்று அயலவரின் கடமையாக உள்ளே போய் அதை எடுத்துவைத்தேன். எடுத்துவைக்கும்போது கண்ணை மூடிக்கொள்ள முடியுமா?

அது இரண்டாம் தவணைக்கான பாடத் திட்டம். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஆக அறுபது கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு நிரல்: பாடம், செயற்பாடு, இடம், குறிப்பு. கடைசி நிரல் பாடம் முடிந்த பிறகு நிரப்புவதற்கு.

இதெல்லாம் எனக்கு அத்துப்படி. என் கணவர் வின்சன்ட் முப்பத்தொரு வருடம் வாத்தியாராக இருந்து போய்ச் சேர்ந்தவர். ‘இடம்’ என்ற நிரலில் முதல் கட்டத்தில் ‘வகுப்பறை’ என்று எழுதுவார். அதன் கீழே அறுபதாம் கட்டம்வரை ‘மேற்படி, மேற்படி, மேற்படி’. மேற்படி போட்ட நிரலை எந்த அதிபரும் வாசித்ததில்லை. கண் தானாக வழுக்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற இடத்துக்குப் போய்விடும். நாட்டில் உள்ள முக்கால்வாசித் திட்டங்கள் அப்படித்தான் எழுதப்படுகின்றன என்பது அவர் கணிப்பு.

ஷிரோமி செய்த பிழை, ஒருவரும் நிரப்பாத அந்த நிரலை நிரப்பியதுதான். பெருக்கல், இடம்: தேயிலைச் செடி வரிசை. நிறுத்தல், இடம்: கொழுந்து நிறுக்கிற மடுவம். ஆங்கில உரையாடல், இடம்: பஸ் தரிப்பிடம். பின்னங்கள், இடம்: கோயில் மண்டபம், ஆளுக்கொரு ரொட்டி கொண்டுவரவும். மழை நாளுக்கு வேறு இடம் என்று பென்சிலால் பக்கத்தில் குறித்திருந்தாள்.

விரல் வைத்து எண்ணினேன். அறுபது கட்டத்தில் ஒன்றிலாவது ‘வகுப்பறை’ இல்லை.

ஊர் சுற்றுகிற டீச்சர் என்று நினைத்துக்கொண்டேன். காரணம் அப்போது எனக்குத் தெரியாது. உங்களை அப்படி அந்தரத்தில் விடமாட்டேன், அடுத்த பகுதியிலேயே சொல்கிறேன். அதற்கு நான் அவள் தலைக்குள் போக வேண்டும். வீட்டுக்குள் போனவளுக்கு அது பெரிய தூரமில்லை.

3

நவம்பர்ப் புயலில் பாடசாலைக்குப் பின்னால் மலை கொஞ்சம் இறங்கி, அறையின் பின்சுவருக்குப் பத்து அடி இருக்கையில் நின்றது. பார்க்க வந்தவர்கள் ஒரு பாறையில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, அறிக்கை வரும் என்று சொல்லிப் போனார்கள். கோடு இருக்கிறது. அறிக்கை வரவில்லை. ஜனவரியில் பாடசாலை திறந்தபோது அறையின் சிமெந்துத் தரையில் ஒரு வெடிப்பு, பின்சுவரை ஒட்டி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை.

ஷிரோமி கணக்குக் கொப்பியிலிருந்து கட்டம் போட்ட தாளைக் கிழித்து, கஞ்சிப் பசையால் வெடிப்பின் குறுக்கே ஒட்டினாள். தரை நகர்ந்தால் தாள் கிழியும். பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லவில்லை.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை.

“டீச்சர், தாளு கிழிஞ்சிருக்கு,” என்றாள் கிருஷாந்தி. நான்காம் தரம், முன் வாங்கில் இருப்பவள்.

“யாரு கிழிச்சது?” ஷிரோமி கோபமாகக் கேட்டாள். யாராவது ஒரு கழுதை கிழித்திருக்க வேண்டும் என்று மாதாவை மன்றாடிக்கொண்டே கேட்டாள்.

“ஒருத்தரும் தொடல டீச்சர்.”

“எலி கடிச்சிருக்கும்,” என்றான் ரமேஸ்.

“எலி என்னடா அடிமட்டம் வச்சா கடிக்கும்?” என்றாள் கிருஷாந்தி. வகுப்பு சிரித்தது. அவள் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “அர கட்டம் வெலகியிருக்கு டீச்சர்.”

சரியான விடை. ஷிரோமி பாராட்டவில்லை.

அன்று பின்னேரம் கிருஷாந்தியின் அம்மா ரத்தினம்மா கொழுந்துக் கூடையோடு வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டாள்.

“எழுதி அனுப்பிறாதீங்க டீச்சர். கீழ்ப்பிரிவு ஸ்கூலுக்கு கூரை சரியில்லன்னு எழுதுனாங்க. கொஞ்ச நாளைக்கு மூடுறோம்னாங்க. இப்ப அதுல ஆடு கட்டுறாங்க.”

“டவுன்ல ஸ்கூல் இருக்குதானே?”

“எறங்க ஒரு மணித்தியாலம், ஏற ஒன்னரை. ஒரு மாசம் போவாங்க. எம்மக அதுவும் போகமாட்டா. வீட்ல கைப்புள்ள இருக்கு, பாத்துக்கடின்னு நானே சொல்லிருவேன். எனக்கு என்னையத் தெரியும் டீச்சர்.”

“மலை வந்தா?”

“நாங்க இருக்குற லயத்துக்குப் பின்னாலயும் அதே மலதான். பயமில்லாமயா படுக்குறோம்?”

எழுதினால் பள்ளிக்கூடம் போய்விடும். எழுதாவிட்டால் பதினான்கு பிள்ளைகள் அந்தச் சுவருக்கு முன்னால். பாடசாலையின் முன் மண்டபத்தில் சின்ன வகுப்புகள் முப்பத்தொரு பேர், இன்னொரு வாங்கு போட இடமில்லை. அதனால் அவள் மூன்றாவது ஒன்றைச் செய்தாள். ஒரு தவணை முழுவதையும் அந்த அறைக்கு வெளியே எழுதினாள்.

4

இங்கே எனக்கு என் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவள் எங்கள் ஒழுங்கையில் இருக்க முடியாது. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் தோண்டினேன். கிடைத்தது இரண்டு. ஒன்று: மேல்மாடி வைத்த டவுன் பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம் கேட்கும் படிவம் அவளுடைய அலுமாரியில், எல்லாம் நிரப்பி, திகதி மட்டும் போடாமல். (அலுமாரியை நான் திறக்கவில்லை. திறந்திருந்தது.) இரண்டு, இதை அவளே சொன்னாள்: தாள் கிழிந்த மறுநாள் முதல் வேலையாகத் தன் மேசையைக் கதவடிக்கு இழுத்துப் போட்டிருக்கிறாள். பிள்ளைகளின் வாங்குகளைத் தொடவில்லை. தன்னுடைய மேசையை மட்டும்.

“ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஆன்டி வெளங்குச்சு, நான் என்ன செஞ்சேன்னு,” என்றாள்.

இப்போது நம்புகிறேன். பயந்தவள்தான், நம்மைப் போல.

5

(இந்தப் பகுதியை இரண்டு முறை கிழித்துப் போட்டேன். இதில் நான் வருகிறேன்.)

தவணை தொடங்கி மூன்றாம் வாரம் மஸாஹிராவின் போட்டோகொப்பிக் கடைக்குப் போனேன். தண்ணீர் பில்லை கொப்பி எடுக்க ஒரு நிமிடம் போதும். நான் முக்கால் மணித்தியாலம் நின்றேன்.

“பக்கத்து வீட்டு டீச்சர் பிள்ளைகளைத் தோட்டம் முழுக்க இழுத்துக்கிட்டுத் திரியிறா. வகுப்புக்குள்ள ஒரு நாளும் இல்ல. திட்டத்திலேயே இல்ல, என் கண்ணால பாத்தேன்.”

“என்னத்தச் செல்றீங்க! தவண முழுக்கப் பிக்னிக்கா?”

சிரித்தோம். நன்றாகவே சிரித்தோம். மஸாஹிராவின் நானா, அவளுடைய அண்ணன், ரிஸ்மிக்கு வலயக் கல்விக் கந்தோரில் வேலை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று நினைவுக்கு வரவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். வந்தது.

நான்காம் வாரம் ஆசிரிய ஆலோசகர் கணபதி சேர் மலையேறி வந்தார். பிள்ளைகள் கொழுந்து மடுவத்தில் தராசைச் சுற்றி நின்று, ஒவ்வொரு கூடையாகத் தூக்கி ஆங்கிலத்தில் பாரம், லேசு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். சேர் முழுப் பாடத்தையும் பார்த்தார். கைதட்டக்கூடச் செய்தார். பிறகு திட்டத்தை விரித்தார்.

“அறுவது கட்டம் டீச்சர். நான் எண்ணினேன்.”

“செயற்பாட்டு முறை சேர்.”

“செயற்பாடு அருமை. அறைக்கு என்ன?”

ஷிரோமி அறையின் பூட்டைத் திறந்துவிட்டாள். கணபதி சேர் ஒரு காலை உள்ளே வைத்தார். தாள் துண்டுகளைப் பார்த்தார். மற்றக் காலை எடுத்துவைக்கவில்லை.

“நான் இதப் பாக்கல,” என்றார். “பாத்தேன்னா எழுதணும். எழுதினா மூடுவாங்க.”

“அப்ப இப்படியே வெளியில படிப்பிக்கிறேன் சேர்.”

“படிப்பிங்க. ஆனா ஏழாம் வாரம் செவ்வாய்க்கிழம பொது மதிப்பீடு. மேற்பார்வைக்கு வேற ஆள் வருவாங்க. வாங்கு மேசையில, வகுப்பறையில, எட்டரை தொடக்கம் பத்தரை. அன்னைக்கும் அறை பூட்டியிருந்தா, அறை தேவையில்லன்னு எழுதிருவாங்க. அறை தேவையில்லன்னா ஸ்கூல் எதுக்குன்னு கேப்பாங்க.”

சிவப்புப் பேனையை எடுத்து அந்த ஒரு கட்டத்தில் மட்டும் ‘கோயில் மண்டபம்’ என்பதை வெட்டி, ‘வகுப்பறை’ என்று எழுதினார்.

“ரெண்டே ரெண்டு மணித்தியாலம் டீச்சர்.”

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று அவருக்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் திட்டத்தை மறுபடி பார்த்தேன் (எப்படி என்று கேட்காதீர்கள்). அந்தச் சிவப்பு ‘வ’ இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது, முதலாவது கோணிப்போய். கை நடுங்குகிற வில்லனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அன்று பின்னேரம் ஷிரோமி எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள். வெடிப்பை அன்றுதான் அறிந்தேன்.

“யாரு ஆன்டி கந்தோருக்குச் சொல்லியிருப்பாங்க?”

“யாரோ, மகள்,” என்றேன்.

6

இன்று ஆறாம் வாரத்து ஞாயிறு. பூசை முடிந்து வந்து தோய்க்கிற கல்லடியில் நின்றேன். வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை, உடுப்புத் தோய்க்கிற நாளில்லை. சும்மா நின்றேன்.

“ஆன்டி.”

ஓட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஷிரோமி என்னைக் கூப்பிடுவதென்றால் கேற்றடிக்கு வருவாள், ஒருநாளும் இப்படிக் கூப்பிட்டதில்லை. ஓட்டை எதற்கென்று அவளுக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது.

“வெள்ளிக்கிழம போய்ப் பாத்தேன். வெடிப்பு ரெண்டு கட்டம் வெலகியிருக்கு.”

நான் ஓட்டைக்குக் குனிந்தேன்.

“மஸாஹிரா கடையில கதைச்சது நீங்கதான்னு தெரியும். கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல. இன்னொருக்காப் போய்க் கதைங்க ஆன்டி.”

“என்னத்தக் கதைக்க?”

“வெடிப்பப் பத்தி. செவ்வாய்க்கிழமயப் பத்தி. நான் சொன்னா அது ரிப்போர்ட். நீங்க சொன்னா வெறும் கதை. கதைக்குக் கையெழுத்து வேணாமே.”

“யாருக்குச் சொல்ல?”

“அதுதான் எனக்கும் தெரியல,” என்றாள்.

பிறகு, வேறு ஏதோ சொல்வதுபோல: “நேத்துப் போய் வாங்கெல்லாம் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டுட்டேன். பதினாலு பேருக்கும் எடம் காணும். எம் மேசையப் பின்சுவரடிக்குத் தள்ளிட்டேன்.”

ஓட்டையில் அவள் முகம் இல்லை. மழை மட்டும் தெரிந்தது.

7

இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக, சொல் என்று ஒருவர் கேட்டும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். மஸாஹிராவிடம் சொன்னால் ரிஸ்மிக்குப் போகும், ரிஸ்மியிடமிருந்து கந்தோருக்குப் போகும், ஜூலையில் அந்த அறையில் ஆடு கட்டுவார்கள், கிருஷாந்தி கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். சொல்லாவிட்டால் செவ்வாய்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) செவ்வாய் காலை வெயில் எறிக்கிறது. பிள்ளைகள் இரண்டு மணித்தியாலம் எழுதுகிறார்கள். பத்தரைக்கு மணி அடிக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் கதவைப் பூட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காது என்று முடிவுசெய்கிறார்கள். எட்டாம் வாரத்திலிருந்து ‘மேற்படி’. இது எனக்கு (ஆ)வை விடப் பயமாக இருக்கிறது.

(ஆ) எட்டு ஐம்பது. மழை. கிருஷாந்தி நான்காம் கேள்வியில் இருக்கிறாள். அவள்தான் முதலில் அந்தச் சத்தத்தை

(இ) மேற்பார்வைக்கு வந்தவர் பூட்டிய கதவைப் பார்க்கிறார். கோயில் மண்டபத்தில் பதினான்கு பிள்ளைகள் பாயில் குந்திக்கொண்டு எழுதுகிறார்கள். அவர் தன் பேனையைத் திறக்கிறார். என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியாது. அவரை எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்.

அதனால்தான் தொடங்கிவைத்திருந்த இதை இன்று எழுதி முடித்தேன். மஸாஹிராவின் கடைக்குப் பதிலாக உங்களிடம் வந்தேன். சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். இனி, தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. கணபதி சேர் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றாரே, அந்த நிலையில்தான் உங்களையும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். மன்னியுங்கள். தனியாக நிற்க எனக்குப் பயம்.

மழை இன்னும் விடவில்லை. நாளை திங்கள், பாடம்: நீளம் அளத்தல், இடம்: கோயில் மண்டபம். அதற்கு அடுத்த கட்டத்தை அப்படியே இங்கே கொப்பி பண்ணிவைக்கிறேன். சிவப்பில் எழுதியதை வெட்டலாம். பேனை உங்களிடம் இருக்கிறதா?

வாரம் 7, செவ்வாய்.
பாடம்: பொது மதிப்பீடு.
செயற்பாடு: பதினான்கு பிள்ளைகள், இரண்டு மணித்தியாலம்.
இடம்: வகுப்பறை.
குறிப்பு: